காணாமல்போனவளைத் தேடுவது யார்? (கடிதமும் பதிலும்)

வணக்கம் ஐயா,

ஒரு மர்ம நாவலை எழுதி முடித்திருக்கிறேன். 34 அத்தியாயங்கள். வேளச்சேரியில் குடியிருக்கும் 29 வயதுப் பெண் ஒரு வெள்ளிக்கிழமை காலை வேலைக்குக் கிளம்புகிறாள், வீடு திரும்பவில்லை. போலீஸ் 24 மணி நேரம் கழித்து வரச் சொல்கிறது. கணவன் ஒரு தனியார் துப்பறிவாளரிடம் போகிறான். அவர் லைசென்ஸ் அட்டையைக் காட்டி வழக்கை எடுத்துக்கொள்கிறார். தொலைபேசி நிறுவனத்தில் வேலைசெய்யும் நண்பர் மூலம், அவளுடைய போன் கடைசியாகப் பேசிய டவரைப் பத்து நிமிடத்தில் கண்டுபிடிக்கிறார். கணவனின் அண்ணன் காப்பீட்டுப் பணத்துக்காக, இரண்டே வருடத்தில் அவள் இறந்துவிட்டதாகக் காட்ட முயல்வது துணைக்கதை. கடைசியில் கோயம்புத்தூரில் அவளைக் கண்டுபிடித்துக் கணவனிடம் சேர்க்கிறார்.

காவல்துறையில் இருந்து ஓய்வுபெற்ற என் பெரியப்பா படித்துவிட்டு, "இதுல ஒண்ணுகூட இப்படி நடக்காதும்மா" என்றார். தோழிகள், முதல் ஐந்து அத்தியாயம் நல்ல வேகம், ஒன்பதிலிருந்து இருபதுவரை ஒரே தொய்வு என்கிறார்கள். எதை முதலில் திருத்துவது?

எஸ்., தாம்பரம்

*

அன்புள்ள எஸ்.,

உங்கள் பெரியப்பா சொன்னதும் தோழிகள் சொன்னதும் ஒரே குறைதான். நான்காம் அத்தியாயத்திலேயே டவர் கிடைத்துவிடுகிறது. அதன்பின் துப்பறிவாளருக்குத் தடை என்று எதுவுமில்லை. தடை இல்லாததால்தான் நடுவில் கார் துரத்தலையும் மர்மத் தொலைபேசி அழைப்புகளையும் போட்டு நிரப்ப வேண்டியிருக்கிறது. உண்மையில் இந்தியாவில் ஒரு தனியார் துப்பறிவாளருக்கு மூடிய கதவுகள் ஏராளம். அவற்றை மூடியே வையுங்கள், நடுப்பகுதி தானாக எழுந்து நிற்கும்.

முதலில் அந்த 24 மணி நேரம். அப்படி ஒரு விதி நம் சட்டத்தில் எங்கும் இல்லை. காணவில்லை என்ற புகாரை அந்த நிமிடமே கொடுக்கலாம். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173-ஆம் பிரிவின்படி, குற்றம் எந்தக் காவல் நிலைய எல்லையில் நடந்திருந்தாலும் எந்த நிலையத்திலும் தகவல் தரலாம். மின்னணு வழியில் அனுப்பினால் மூன்று நாளுக்குள் நேரில் போய்க் கையெழுத்திட வேண்டும். நிலையத்தில் எடுக்கவில்லை என்றால் காவல் கண்காணிப்பாளருக்கு எழுதி அனுப்பலாம், அதற்குப் பிறகு மாஜிஸ்திரேட்டிடம் போகலாம்.

ஆனாலும் "நாளைக்கு வாங்க" என்று ஒருவர் சொல்வது நடக்கும். அதற்குக் காரணம் இருக்கிறது, அதை நீங்கள் எழுத வேண்டும். வயதுவந்த ஒரு பெண் வீட்டைவிட்டுப் போவது குற்றமே இல்லை. கடத்தலா, கொலையா, தானாகப் போனாளா என்று தெரியாத நிலையில் என்ன பிரிவு போடுவது என்று ஸ்டேஷன் ரைட்டர் யோசிப்பார். அதனால் பல இடங்களில் முதலில் சி.எஸ்.ஆர். ரசீது, அதாவது புகார் வந்தது என்பதற்கான சீட்டு, மட்டும் கிடைக்கும். பிறகுதான் 'பெண் காணவில்லை' என்ற தலைப்பில் எஃப்.ஐ.ஆர். உங்கள் கணவன் பாத்திரத்துக்கு இந்த வித்தியாசம் தெரியாது, துப்பறிவாளருக்குத் தெரியும். அவர் கேட்கும் முதல் கேள்வி "போட்டோ இருக்கா?" என்பதாக இருக்காது. "சி.எஸ்.ஆரா, எஃப்.ஐ.ஆரா? நம்பர் என்ன?" என்றுதான் கேட்பார். அந்த ஒரு வரியில் வாசகர் அவரை நம்பிவிடுவார்.

குற்றத் தகவல் வந்தால் எஃப்.ஐ.ஆர். கட்டாயம் என்று 2013 நவம்பரில் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு சொன்ன லலிதா குமாரி தீர்ப்பை எல்லா வழக்கறிஞர்களும் மேற்கோள் காட்டுவார்கள். அந்த வழக்கே காணாமல்போன ஒரு சிறுமியின் தந்தை தொடர்ந்ததுதான் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். நிலையத்தில் புகார் கொடுத்தார், நடக்கவில்லை. கண்காணிப்பாளரிடம் போன பிறகு எஃப்.ஐ.ஆர். போட்டார்கள், அப்போதும் தேடவில்லை. இந்தியாவின் எஃப்.ஐ.ஆர். சட்டத்துக்கு அடியில் ஒரு தகப்பனின் அலைச்சல் கிடக்கிறது. உங்கள் காவல் நிலையக் காட்சியை எழுதும்போது இது நினைவில் இருக்கட்டும்.

நாயகியின் வயதையும் கவனியுங்கள். 29 என்பதால்தான் இத்தனை தயக்கம். அவளுக்கு 17 வயது 11 மாதம் என்று வைத்துக்கொண்டால் கதையே வேறு. காணாமல்போன குழந்தை என்றால் கடத்தல் என்றே அனுமானித்து எஃப்.ஐ.ஆர். போட வேண்டும் என்பது 2013-ஆம் ஆண்டின் இன்னொரு உச்ச நீதிமன்ற உத்தரவு.

அடுத்து லைசென்ஸ் அட்டை. அதைக் கிழித்துப்போடுங்கள். இந்தியாவில் தனியார் துப்பறிவாளருக்கு உரிமம் வழங்கும் சட்டமே கிடையாது. 2007-இல் மாநிலங்களவையில் ஒரு மசோதா கொண்டுவந்தார்கள், அது சட்டமாகவில்லை, பிறகு திரும்பப் பெறப்பட்டது. 2005-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று இருக்கிறது, ஆனால் அது காவலாளிகளை அனுப்பும் பாதுகாப்பு நிறுவனங்களுக்கானது. ஆகவே உங்கள் துப்பறிவாளர் சட்டத்தின் கண்ணில் உங்களையும் என்னையும் போல ஒரு சாதாரண ஆள். யாரையும் விசாரணைக்கு அழைக்க முடியாது, எந்தப் பதிவேட்டையும் காட்டச் சொல்ல முடியாது. கேட்கலாம், அவ்வளவுதான். எதிராளி "முடியாது" என்றால் திரும்பி நடக்க வேண்டும். முன்னாள் எஸ்.ஐ. என்று அவரைக் காட்டியிருக்கிறீர்கள். இருபது வருடம் அதட்டிக் கேட்டுப் பழகிய வாய் இப்போது தயவாகக் கேட்கப் பழக வேண்டும். உங்கள் பாத்திரத்தின் உயிர் இங்கே இருக்கிறது, நீங்களோ இதைத் தொடவே இல்லை.

இப்போது டவர். அழைப்புப் பதிவு என்று நாம் சொல்லும் சி.டி.ஆரில் என்ன இருக்கும் என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள். அழைத்த எண், அழைக்கப்பட்ட எண், நேரம், எத்தனை விநாடி, போன் கருவியின் அடையாள எண்ணான ஐ.எம்.இ.ஐ., சிம்மின் எண், அழைப்பு தொடங்கிய செல் (ஒரு டவரின் ஒரு பிரிவு), முடிந்த செல். பேச்சு இருக்காது. வாட்ஸ்அப் அழைப்பும் அதில் இருக்காது, டேட்டா பயன்படுத்திய பதிவு தனி. செல் என்பதும் ஒரு புள்ளி அல்ல. ஒரு டவர் பெரும்பாலும் மூன்று திசைகளுக்கு மூன்று பிரிவாக இருக்கும். நகரத்தில் சில நூறு மீட்டர், கிராமப்புறத்தில் பல கிலோமீட்டர் பரப்பு. "இந்த வீட்டில்தான் இருந்தாள்" என்று எந்த டவரும் சொல்லாது.

இந்தப் பதிவைக் கேட்க போலீஸிலேயே கண்காணிப்பாளர் நிலை அதிகாரியின் கையெழுத்து வேண்டும். துப்பறிவாளருக்கு வழியே இல்லை. நண்பர் மூலம் வாங்கினால் இருவரும் குற்றவாளிகள். 2018 தொடக்கத்தில் தாணே போலீஸார் அழைப்புப் பதிவுகளைக் கள்ளத்தனமாக வாங்கி விற்றதாகத் தனியார் துப்பறிவாளர்கள் சிலரையே கைது செய்தார்கள். 2023-ஆம் ஆண்டின் தொலைத்தொடர்புச் சட்டம், 42-ஆம் பிரிவு, இதற்கு மூன்று ஆண்டுவரை சிறையும் இரண்டு கோடி ரூபாய்வரை அபராதமும் வைத்திருக்கிறது. உங்கள் துப்பறிவாளர் அந்தத் தவறைச் செய்யட்டும் என்றால் செய்யட்டும், ஆனால் விலை கொடுக்க வேண்டும். அந்த நண்பர் மாட்டிக்கொள்வதை ஓர் அத்தியாயமாக எழுதுங்கள்.

கணவன் மனைவியின் லேப்டாப்பைத் திறந்து மின்னஞ்சலைப் படிக்கும் காட்சிக்கும் இதே கணக்குத்தான். அவள் அனுமதி இல்லாமல் அவள் கணக்குக்குள் நுழைவது தகவல் தொழில்நுட்பச் சட்டம் 66-ஆம் பிரிவுக்குள் வரும்.

சரி, டவரும் இல்லை, மின்னஞ்சலும் இல்லை. பிறகு எப்படித் தேடுவது?

வீட்டிலிருந்து. அவள் எதை எடுத்துக்கொண்டு போனாள், எதை விட்டுவிட்டுப் போனாள் என்பதிலிருந்து. பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண் பட்டியலும் பட்டச் சான்றிதழும் இருந்த பிளாஸ்டிக் கோப்பு பீரோவில் இருக்கிறதா? இல்லையென்றால் அவள் வேறு ஊரில் வேலை தேடப் போகிறாள், இது பல வாரத் திட்டம். சான்றிதழ் இருக்கிறது, கண்ணாடியும் சார்ஜரும்கூட மேசையில் இருக்கின்றன என்றால் கவலைப்பட வேண்டும். தாலி? கழற்றி வைத்துவிட்டுப் போயிருந்தால் அது கணவனுக்கு எழுதிய கடிதம். அவன் அதைத் துப்பறிவாளரிடம் மறைத்தால், அவன் எதையோ மறைக்கிறான் என்பதற்கு அதுவே முதல் தடயம். தினமும் காலையில் வெறும் வயிற்றில் போடும் தைராய்டு மாத்திரை டப்பாவில் எத்தனை மாத்திரை மிச்சம் என்று எண்ணச் சொல்லுங்கள். டப்பாவே இல்லை என்றால், அடுத்த பாட்டிலை அவள் எங்கோ ஒரு மருந்துக்கடையில் வாங்கியாக வேண்டும்.

கணவன் சட்டப்படி தரக்கூடிய தகவல்களும் உண்டு. இருவர் பெயரிலும் உள்ள வங்கிக் கணக்கின் வரவு செலவு அவனுக்கு உரிமையானது. எந்த ஏ.டி.எம்.மில், எத்தனை மணிக்கு, எவ்வளவு எடுத்தாள் என்பது அதில் தெரியும். கார் அவன் பெயரில் இருந்து அவள் எடுத்துப் போயிருந்தால், ஃபாஸ்டேக் குறுஞ்செய்தி எந்தச் சுங்கச்சாவடியை எப்போது கடந்தது என்று அவன் போனுக்கே வந்துவிடும். பிறகு தெருவுக்கு இறங்க வேண்டும். இஸ்திரி வண்டிக்காரர், வாட்டர் கேன் போடும் பையன், பிளவுஸ் தைக்கும் அக்கா, பியூட்டி பார்லர். இவர்களிடம் ஓர் ஆண் போய்க் கேட்டால் சாயங்காலத்துக்குள் "அந்த வீட்டுப் பொண்ணு ஓடிப்போயிடுச்சாம்" என்று தெரு முழுக்கப் பரவும். விவரம் தெரிந்த துப்பறிவாளர் தையல்காரரிடம் ஒரு பெண்ணைத்தான் அனுப்புவார். உங்கள் நாவலில் அலுவலகத்தில் காபி கொண்டுவருவதைத் தவிர வேலையில்லாத உதவியாளர் ஒருத்தி இருக்கிறாளே, அவளை வெளியே அனுப்புங்கள்.

அதற்கு இன்னொரு காரணமும் உண்டு. புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 78-ஆம் பிரிவு, பெண்ணைப் பின்தொடர்தல். அவள் விருப்பமில்லை என்று தெளிவாகக் காட்டிய பிறகும் பின்தொடர்ந்து திரும்பத் திரும்பத் தொடர்புகொள்ளும் ஆண், அல்லது அவளது இணையப் பயன்பாட்டை வேவு பார்க்கும் ஆண், முதல் முறைக்கு மூன்று ஆண்டுவரை சிறை செல்லலாம். குற்றத்தைக் கண்டுபிடிக்க அரசு பொறுப்புக் கொடுத்தவருக்கு விலக்கு உண்டு. தனியார் துப்பறிவாளருக்கு அரசு எந்தப் பொறுப்பும் கொடுக்கவில்லை. தன் செயல் அந்தச் சூழலில் நியாயமானது என்று அவர் நீதிமன்றத்தில் வாதாடலாம், அது வேறு. சட்டம் 'ஆண்' என்று மட்டுமே சொல்கிறது என்பதையும் கவனியுங்கள்.

இனி உங்கள் நடுப்பகுதி. அதற்கு ஒரு கடிகாரம் வேண்டும், அது வேளச்சேரிக் கடைகளின் சிசிடிவியில் இருக்கிறது. கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு கேமரா விநாடிக்கு 2 மெகாபிட் வீதம் பதிவு செய்தால் ஒரு நாளைக்கு 21.6 ஜிகாபைட். நான்கு கேமராவுக்கு 86 ஜிகாபைட்டுக்குச் சற்று மேல். கடைக்காரர் போட்டிருப்பது 1 டெராபைட் ஹார்ட் டிஸ்க் என்றால் பதினொரு நாளில் நிரம்பி, பழையதன் மேலேயே புதியது எழுதப்படும். உங்கள் கணவன் எட்டாம் நாள்தான் துப்பறிவாளரிடம் வருகிறான் என்று மாற்றுங்கள். மிச்சம் மூன்று நாள். கடைக்காரர் காட்டச் சம்மதித்தாலும் பாஸ்வேர்டு அவரிடம் இருக்காது, கேமரா மாட்டியவரிடம் இருக்கும். அவர் சொந்த ஊருக்குப் போயிருப்பார். இது கற்பனையாகச் சேர்க்கும் தடை அல்ல, அன்றாடம் நடப்பது.

அதைவிட நல்லது டி.வி.ஆரின், அதாவது கேமரா பதிவுகளைச் சேமிக்கும் பெட்டியின், கடிகாரப் பிழை. இணையத்தோடு இணைக்காத பெட்டிகளில் நேரம் மெல்ல நகர்ந்துகொண்டே போகும், யாரும் திருத்த மாட்டார்கள். அவள் 8:40-க்கு பேக்கரியில் நிற்கிறாள், ஐந்து நிமிடம் நடந்து 8:45-க்கு மருந்துக்கடைக்கு வருகிறாள் என்று வையுங்கள். மருந்துக்கடைப் பெட்டியின் நேரம் 12 நிமிடம் பின்தங்கியிருக்கிறது. திரையில் 8:33. இரண்டுமே கல்லாவைப் பார்க்கும் கேமரா, சாலை தெரியாது. துப்பறிவாளர் கண்ணுக்கு அவள் முதலில் மருந்துக்கடை, பிறகு பேக்கரி. அதாவது எதிர்த்திசை. அவர் ரயில் நிலையப் பக்கம் தேடுகிறார், அவள் போனதோ விஜயநகர் பேருந்து நிலையப் பக்கம். நான்கு அத்தியாயம் தப்பான திசையில் போகலாம், பொய்யே சொல்லாமல் வாசகரையும் கூட்டிக்கொண்டு போகலாம். பிழையைக் கண்டுபிடிக்கும் முறையும் எளியது. டி.வி.ஆர். திரையையும் தன் போனின் கடிகாரத்தையும் ஒரே படத்தில் எடுத்துக்கொள்வார்கள், வித்தியாசம் தெரிந்துவிடும். உங்கள் ஆள் பேக்கரியில் எடுத்தார், மருந்துக்கடையில் மூடும் நேர அவசரத்தில் எடுக்க மறந்தார். அது போதும்.

பதிவை அவர் திரையிலிருந்து போனில் படம்பிடித்துக்கொண்டு வந்தால் நீதிமன்றத்தில் சிக்கல் வரும். பெட்டியிலிருந்து மூலக் கோப்பாகவே பிரதி எடுக்க வேண்டும். புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷ்ய அதினியத்தின் 63-ஆம் பிரிவின் கீழ் சான்றிதழ் வேண்டும், அதில் கோப்பின் ஹாஷ் மதிப்பு (கோப்பு மாறினால் தானும் மாறிவிடும் எண்) இருக்க வேண்டும், ஒரு பகுதியில் நிபுணர் கையெழுத்திட வேண்டும்.

அவள் இறந்திருக்கலாம் என்ற பயத்தை நீங்கள் ஒரே ஒரு பிணவறைக் காட்சியில் முடித்துவிட்டீர்கள். அந்த இழை இன்னும் நீளக்கூடியது. காணவில்லை என்ற புகார் ஒரு நிலையத்தில் இருக்கும், அடையாளம் தெரியாத உடல் வேறொரு நிலையத்தில் இருக்கும். தண்டவாளத்தில் கிடந்தால் அது இருப்புப்பாதை போலீஸின் வழக்கு, உள்ளூர் நிலையத்துடையது அல்ல. 1952 ஆகஸ்டில் சென்னையில் காணாமல்போன பேனா வியாபாரி ஆளவந்தாரின் உடல் தலையில்லாமல் டிரங்குப் பெட்டிக்குள் மானாமதுரை ரயில் நிலையத்தில் கிடைத்தது. தலை ராயபுரம் கடற்கரையில் ஒதுங்கியது. காதுத் துளைகளும் பல்வரிசையும் சேர்ந்துதான் அவர் இன்னாரென்று உறுதிப்படுத்த உதவின. இன்று டி.என்.ஏ. இருக்கிறது, ஆனால் ஒப்பிடுவதற்கு அவளது பெற்றோரின் அல்லது குழந்தையின் ரத்தம் வேண்டும். கணவனின் ரத்தம் உதவாது. உங்கள் 22-ஆம் அத்தியாயத்தில் கணவனிடம் ரத்தம் எடுக்கிறார்கள், மாற்றிவிடுங்கள். அதே அத்தியாயத்தில் ஆதார் கைரேகையை வைத்து உடலை அடையாளம் காண்பதும் நடக்காது. ஆதார் சட்டத்தின் 29-ஆம் பிரிவு அந்தக் கைரேகைகளை யாரோடும் பகிரத் தடை விதிக்கிறது.

அண்ணனின் காப்பீட்டுத் திட்டம் இரண்டு வருடத்தில் பலிக்காது. ஏழு ஆண்டு ஒருவரைப் பற்றி, கேள்விப்பட்டிருக்க வேண்டியவர்கள் எதுவும் கேள்விப்படவில்லை என்றால்தான் இறந்ததாகக் கொள்ளலாம். அதுவும் எந்தத் தேதியில் இறந்தார் என்று சட்டம் அனுமானிக்காது. எல்.ஐ.சி. எதிர் அனுராதா வழக்கில் 2004-இல் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாக்கியது. காணாமல்போன அன்றே இறந்துவிட்டார் என்று சொல்லி, நடுவில் பிரீமியம் கட்டாமல் விட்ட பாலிசிக்குப் பணம் கேட்க முடியாது. அப்படியானால் உங்கள் வில்லன் ஏழு வருடம் அவள் பெயரில் தவறாமல் பிரீமியம் கட்டிக்கொண்டிருக்க வேண்டும். இறந்துவிட்டாள் என்று எல்லாரிடமும் அழுபவன் மாதா மாதம் பணம் கட்டுகிறான் என்பதைத் துப்பறிவாளர் எப்படித் தெரிந்துகொள்கிறார்? அதை எழுதுங்கள். துணைக்கதைக்குப் பொறுமையான ஒரு வில்லன் கிடைப்பான்.

கடைசி அத்தியாயம்தான் எனக்கு மிகுந்த வருத்தம் தந்தது. அவளைக் கண்டுபிடித்ததும் கணவனிடம் சேர்க்கிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். அவள் என்ன பொருளா, எடுத்துக்கொண்டுபோய்ச் சேர்ப்பதற்கு? 29 வயதுப் பெண் தன் விருப்பப்படி எங்கும் இருக்கலாம். போலீஸே கண்டுபிடித்தாலும் "என் விருப்பத்தில்தான் வந்தேன், திரும்பப் போக மாட்டேன்" என்று வாக்குமூலம் கொடுத்தால் காணவில்லை வழக்கு அதோடு முடிகிறது. வீட்டுக்கு அனுப்ப யாருக்கும் அதிகாரமில்லை. அவள் ஏன் போனாள் என்று நாவல் 34 அத்தியாயத்தில் ஒரு முறைகூட அவளைக் கேட்கவில்லை. அடிக்குப் பயந்து ஓடியவளை அடித்தவனிடமே காட்டிக்கொடுக்கும் வேலையைத் துப்பறிவாளர் கூலிக்குச் செய்துவிடலாம். தன்னிடம் பணம் கொடுப்பவன் எதற்காகத் தேடுகிறான் என்பது அவர் முதலில் விசாரிக்க வேண்டிய வழக்கு. நாவலின் உண்மையான மர்மமும் அதுதான் என்று நினைக்கிறேன்.

கோயம்புத்தூரில் அவள் வேலைக்குப் போகும் பெண்கள் விடுதி ஒன்றில் இருக்கட்டும். தமிழ்நாட்டில் 2014-ஆம் ஆண்டுச் சட்டப்படி அவற்றுக்கு உரிமம் வேண்டும், ஆகவே பதிவேடு இருக்கும். வார்டன் அதைக் காட்ட மாட்டார், காட்டக் கூடாது. உதவியாளரான பெண் போய், ஒரு சீட்டில் தன் எண்ணை எழுதிக் கொடுத்துவிட்டு வரட்டும். அழைப்பதா வேண்டாமா என்பது அவள் முடிவு. அவள் அழைத்தால், 181 மகளிர் உதவி எண்ணைப் பற்றியும் 2005-ஆம் ஆண்டுக் குடும்ப வன்முறைச் சட்டத்தின் கீழ் பாதுகாப்பு உத்தரவு கேட்கலாம் என்பதைப் பற்றியும் சொல்லட்டும். துப்பறிவாளர் கணவனுக்குக் கொடுக்கும் அறிக்கை இரண்டே வரி: நலமாக இருக்கிறார். தொடர்புகொள்ள விரும்பவில்லை.

அதன்பிறகும் கதை முடியாது. கணவன் சும்மா இருக்க மாட்டான், உயர் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு போடுவான். அது அவன் உரிமை. போலீஸ் அவளைத் தேடிப் பிடித்து நீதிபதிகள் முன் நிறுத்தும். அவர்கள் அவளிடமே கேட்பார்கள், அவள் சொல்வாள், மனு முடித்துவைக்கப்படும். 2018-இல் ஷஃபீன் ஜஹான் வழக்கில், வயதுவந்த பெண்ணின் தேர்வு அவளுடையது என்று உச்ச நீதிமன்றம் அழுத்தமாகச் சொன்னதும் ஒரு தந்தையின் ஆட்கொணர்வு மனுவில் தொடங்கிய வழக்கில்தான். ஆனால் அந்த நாள் காலையில், சென்னை உயர் நீதிமன்றத் தாழ்வாரத்தில், இத்தனை மாதம் ஒளிந்திருந்தவளும் தேடியவனும் பத்தடி தூரத்தில் நிற்பார்கள். அவளுக்குப் பக்கத்தில் ஒரு பெண் காவலர். உங்கள் உச்சக்காட்சி அங்கே இருக்கிறது, கார் துரத்தலில் இல்லை.

12-ஆம் அத்தியாயத்தில் அவள் எழும்பூரில் கோவை எக்ஸ்பிரஸ் ஏறுகிறாள். அந்த வண்டி சென்ட்ரலில் புறப்படுவது. எந்த இருப்புப்பாதை காவல் நிலையத்தில் போய்க் கேட்பது என்பது இதனால் மாறும் என்பதால் அதையும் திருத்திவிடுங்கள்.

அன்புடன்.